முதல் ஐந்து மில்லி

ஓடிக்கொண்டே இருக்கும், ஊரைத் தாண்டாது. நின்றுவிட்டால் இறுகிப்போகும், வெயிலைக் கண்டதே இல்லை. அது என்ன? விடை தெரிந்தவர்கள் மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள், வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டாம். தீவிர சிகிச்சைப் பிரிவின் மூன்றாம் படுக்கையில் ஒன்பது வயது உலகம்மாள் காலை எட்டு மணியிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறாள். முதலில் ரயில் என்றாள். ரயில் ஊரைத் தாண்டுமே என்று பியூலா சிஸ்டர் சொன்னதும் ஆறு என்றாள். பிறகு, ஆறும் தாண்டும், பாபநாசத்தில் புறப்பட்டு எத்தனை ஊரைத் தாண்டி வருகிறது என்று அவளே சொல்லி, அதை அவளே தள்ளிவிட்டாள். பதினோரு மணிக்குக் கடிகார முள் வந்தது. அது கொஞ்சம் பொருந்தியது, ஆனால் நின்றுபோன கடிகாரம் இறுகுவதில்லை. இரண்டு மணிக்கு பியூலாவின் டூட்டி முடியும். அதற்குள் உலகம்மாள் சொல்லாவிட்டால் சிஸ்டரே விடையைச் சொல்லிவிட வேண்டும் என்பது பேச்சு. மூச்சுக்காகத் தொண்டையில் போட்டிருந்த குழாயை எடுத்த நாளிலிருந்து மூன்று நாளாக இந்த விளையாட்டு நடக்கிறது. முதல் இரண்டு விடுகதைகளும் எல்லோருக்கும் தெரிந்தவை, அவள் சட்டென்று அவிழ்த்துவிட்டாள். ஆகவே இன்றைக்கு பஸ்ஸில் வரும்போது பியூலா தானாகவே ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தாள். கட்டும்போது வேடிக்கையாக இருந்தது. இப்போது மணி ஒன்று இருபது, வேடிக்கையாக இல்லை. இந்தப் பிள்ளைக்குப் போய் இதைப் போட்டோமே என்றிருக்கிறது.

பம்பு ஓடவில்லை. ஒன்று பத்துக்கு நிறுத்தியாயிற்று. ஓடும்போது அதில் மிளகளவு பச்சை விளக்கு ஒன்று விட்டுவிட்டு மின்னும், இப்போது ஆரஞ்சு நிறத்தில் ஒரே நிலையாக நிற்கிறது. பியூலா ஈரப் பஞ்சால் பம்பின் மேல்புறத்தைத் துடைத்தாள். துடைத்ததையே திரும்பத் துடைக்கிறோம் என்று தெரிந்தது, கை நிற்கவில்லை. பம்பில் மாட்டியிருந்த பெரிய சிரிஞ்சில் பாதிக்கு மேல் ஹெப்பரின் இருந்தது. பார்த்தால் பச்சைத் தண்ணீர் போலத்தான், நிறமும் இல்லை மணமும் இல்லை. அது உள்ளே போனால் ரத்தம் உறையாது. உலகம்மாளின் இடது தொடையில், உள்ளே, பெரிய ரத்தக் குழாயில், ஏற்கெனவே ஒரு கட்டி உறைந்து உட்கார்ந்திருக்கிறது. உண்ணிக்காய்ச்சல் முற்றி நினைவு தப்பி வந்த பிள்ளைக்கு அவசரத்துக்கு அந்தத் தொடையில்தான் குழாய் போட்டார்கள். குழாய் காப்பாற்றியது, குழாய் போட்ட இடத்தில் கட்டி வந்தது. அந்தக் கட்டி வளரக் கூடாது, அதிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து நுரையீரலுக்குப் போய்விடக் கூடாது, அதற்குத்தான் இந்த மருந்து, நாள் முழுக்க, சொட்டு தவறாமல். அது பத்து நிமிடமாக நிற்கிறது. பதினோரு நிமிடம். நிற்க வைத்தது ஒரு எண். நூற்று நாற்பத்திரண்டு. லேபில் இந்தப் பிள்ளையின் ரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்த கணக்கு அது. அறுபதுக்கும் எண்பதுக்கும் நடுவில் நின்றால் நல்லது. அறுபதுக்குக் கீழே என்றால் மருந்து போதவில்லை, கட்டி வளரும். எண்பதைத் தாண்டினால் மருந்து கூடிவிட்டது, எங்கேயாவது கசியும், மூளைக்குள் கசிந்தால் கேட்கவே வேண்டாம். நூற்று நாற்பத்திரண்டு என்றால் எந்த டாக்டரும் பம்பை நிறுத்தத்தான் செய்வார். ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு, இரண்டு பத்துக்குக் குறைந்த அளவில் மறுபடி ஓடவிடச் சொல்லியிருந்தார் டாக்டர் ஷாகுல். அவர் செய்தது சரி. லேப் செய்ததும் சரி. போனை எடுத்தது பியூலா, எண்ணை எழுதிக்கொண்டது பியூலா, நூற்று நாற்பத்திரண்டா என்று திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டது பியூலா, டாக்டரிடம் போய்ச் சொன்னதும் பியூலா. இத்தனையும் செய்தவள் இன்னொன்றைச் சொல்லவில்லை. ஒன்றரை. அந்த வார்த்தை நாக்கின் அடியில் மாத்திரை போலக் கிடக்கிறது, கரையவும் இல்லை.

ஒன்றரை மில்லிதான் கீழே போட்டாள். ஐந்து போட வேண்டும். உலகம்மாளின் வலது மணிக்கட்டில், நாடி துடிக்கிற குழாய்க்குள், ஒரு மெல்லிய டியூப் இருக்கிறது. இங்கே எல்லோரும் அதை லைன் என்பார்கள். அதிலிருந்துதான் திரையில் சிவப்பு அலை ஓடுகிறது, ரத்த அழுத்தம் தெரிகிறது, ரத்தமும் எடுக்கலாம், குத்த வேண்டாம். ஆனால் அந்த டியூப் அடைத்துக்கொள்ளாமல் இருக்க, மேலே தொங்கும் பையிலிருந்து உப்புநீர் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்கும், அந்த உப்புநீரிலும் அதே ஹெப்பரின் துளி கலந்திருக்கும். ஆகவே லைனைத் திறந்து இழுத்தால் முதலில் வருவது ரத்தம் மட்டும் அல்ல, ரத்தமும் அந்த மருந்து நீரும். அதைத் தனிச் சிரிஞ்சில் இழுத்துக் கீழே போட்டுவிட்டு, பிறகு வருவதைத்தான் நீல மூடிக் குழாயில் கோடு வரைக்கும் நிரப்பி லேபுக்கு அனுப்ப வேண்டும். முந்தியதைச் சரியாகப் போடாவிட்டால் பிந்தியது பொய் சொல்லும். பிள்ளையின் உடம்பில் மருந்து சரியாக இருந்தாலும், ஏன், குறைவாகவே இருந்தாலும், கூடிவிட்டது என்று சொல்லும். அவர்கள் மருந்தைக் குறைப்பார்கள். கட்டி வளரும். இது பியூலாவுக்குத் தெரியாததா? பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடத் தேவையில்லை, மருந்து அலமாரிக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறது, பச்சை ஸ்கெட்ச் பேனாவில், பெரிய எழுத்தில்: லைனில் எடுத்தால் முதல் ஐந்து மில்லி வேண்டாம். அதற்கு மேல் பிளாஸ்டிக் தாள். ஒரு மூலையில் டேப் விட்டுப்போய் காற்றுக்கு ஆடும். ஆறு வருஷமாக இருக்கிறது. பயிற்சிக்கு வருகிற பெண்கள் எல்லோரையும் அதன் முன்னால் நிறுத்தி வாய்விட்டுப் படிக்கச் சொல்லுவாள். எழுதியதும் அவள்தான்.

பன்னிரண்டு மணிக்குத் தாய் வந்திருந்தாள், அதுதான். தங்கபுஷ்பம். காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, மாலை ஆறு, பத்துப் பத்து நிமிடம் உள்ளே விடுவார்கள், அதே நேரத்தில்தான் ரத்தமும் எடுக்க வேண்டியிருக்கிறது, யாரும் திட்டமிட்டு வைத்ததில்லை, அப்படி அமைந்துவிட்டது. முந்தாநாள் காலையில் வேறு ஒரு சிஸ்டர் எடுத்தபோது தங்கபுஷ்பம் பார்த்துக்கொண்டே நின்றாளாம். ஐந்து மில்லி இழுத்து, சிவப்பு வாளியில் போட்டதும், சிஸ்டரம்மா, அது எதுக்கு என்று கேட்டாளாம். அது வேண்டாத ரத்தம் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். சொல்லக் கூடாத சொல். வேண்டாத ரத்தமா, எம்புள்ள உடம்புல வேண்டாத ரத்தம்னு எதைச் சொல்லுதீக என்று தங்கபுஷ்பம் அங்கேயே உட்கார்ந்துவிட்டாளாம். பிறகு மதியம் பியூலாவிடம் வந்தபோது சண்டையாக இல்லை, கணக்காக வந்தாள். ஒரு வேளைக்கு அஞ்சு, நாலு வேளைக்கு இருவது, ஒரு பாலாடை நிறைய வருது சிஸ்டரம்மா, இவளுக்குப் பாலாடையிலதான் நான் பால் புகட்டுனேன், குடிக்க மாட்டா, கடைவாயில வழியும், வழிஞ்சத வழிச்சு வழிச்சு ஊத்துவேன். அவ்வளவுதான் சொன்னாள். தினம் ஒரு பாலாடை ரத்தத்தைக் குப்பையில் ஊற்றுகிறீர்கள் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். உலகம்மாளுக்கு ஹீமோகுளோபின் ஏழரைதான் இருக்கிறது, ஏற்கெனவே ஒரு பாட்டில் ஏற்றியாயிற்று, தகப்பன் கோமதிநாயகம் தெரிந்தவன் ஒருவனை ஆலங்குளத்திலிருந்து கூட்டிவந்து கொடுக்கவைத்தான். ஒரு பக்கம் ஏற்றுகிறோம், இன்னொரு பக்கம் ஊற்றுகிறோம். இழுத்த ரத்தத்தைத் திரும்ப உள்ளே விடுகிற இடங்களும் இருக்கின்றன, இங்கே பெரிய டாக்டர் கூடாது என்றுவிட்டார், கிருமி போய்விடும் என்று. அதுவும் சரிதான். எல்லாம் சரியாகவே இருக்கிறது, சரியான காரியங்களுக்கு நடுவில் ஒரு பெண் பாலாடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு பியூலா லைனின் திருகைத் திருப்பி, சிரிஞ்சில் இழுத்தாள். முதலில் வெளிறிய இளஞ்சிவப்பு. பிறகு சிவப்பு. ஒன்று. ஒன்றரை. நல்ல சிவப்பாக வந்துவிட்டது, கருஞ்சிவப்பு, இதற்கு மேல் தண்ணீர் எங்கே இருக்கப் போகிறது என்று கண் சொன்னது. கண் சொல்வதைக் கேட்கக் கூடாது என்று சொல்லிக் கொடுக்கிறவள் அவள், சிவப்பாகத் தெரிந்தால் சுத்தம் என்று நினைக்காதீர்கள் என்று எத்தனை பெண்களிடம். ஆனால் எதிரே தங்கபுஷ்பம் சிரிஞ்சைப் பார்க்கவில்லை, பிள்ளையின் தலையைக் கோதிக்கொண்டு முகத்தை வேண்டுமென்றே சுவர்ப்பக்கம் வைத்திருந்தாள், பார்க்காமல் இருக்கிற முயற்சியில் கழுத்து நரம்பு தெரிந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தால் பியூலா ஐந்து வரை இழுத்திருப்பாள். அவள் பார்க்காமல் நின்றதால் கை நின்றுவிட்டது. ஒன்றரையைச் சட்டென்று வாளியில் போட்டு மூடினாள். இரக்கமா அது? இரக்கம் என்று பெயர் வைத்தால் நன்றாகத்தான் இருக்கும். அந்த முகத்தைத் திரும்பவும் பார்க்க நேரக் கூடாது என்கிற சோம்பல். அதற்குப் பெயர் சோம்பல்தான். ஆவுடையம்மாளைக் கூப்பிட்டு நீலக் குழாயைக் கொடுத்தாள். ஆவுடையம்மாள் இந்த வார்டில் பதினெட்டு வருஷம் பெருக்கி, குழாய்களைக் கீழே லேபுக்குச் சுமக்கிறவள், லிஃப்ட் கெட்டுப்போய் ஒரு வாரம். நானும் லிஃப்டு மாதிரி ஒரு நாள் நடுவுல நிக்கப் போறேன், அப்ப தெரியும் என்று சொல்லிக்கொண்டே போனாள். பியூலா சிரித்தாள். சிரித்தது இப்போது ஞாபகம் வருகிறது, வாயைத் துடைத்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

ஒன்று இருபத்தெட்டு. நாற்பது நிமிடத்தில் பம்பு மறுபடி ஓடும், குறைவாக. இரண்டு மணிக்கு அடுத்த சிஸ்டர் வந்துவிடுவாள். ஒப்படைக்கும்போது ஹெப்பரின் நிறுத்தி வைத்திருக்கிறது, நூற்று நாற்பத்திரண்டு என்று சொன்னால் அவள் தலையாட்டி எழுதிக்கொள்வாள். இரண்டு இருபது பஸ்ஸில் உட்கார்ந்துவிடலாம், ஜன்னல் பக்கம் வெயில் படாத சீட். ஆறு மணிக்கு எடுக்கிற ரத்தத்தில் எண் கீழே போயிருக்கும், அவர்கள் கூட்டிவிடுவார்கள், ஐந்து மணி நேரம்தானே. ஐந்து மணி நேரத்தில் என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாமலும் போகலாம். நூற்றுக்குத் தொண்ணூறு ஒன்றும் ஆகாது. சங்கரபாண்டியனுக்கும் அப்படித்தான் முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. அவர் பெயர் வந்துவிட்டது. வரக் கூடாது என்று எவ்வளவு சுற்றிச் சுற்றிப் போனாலும் கடைசியில் அந்தக் கட்டிலுக்குத்தான் வந்து நிற்கிறது. முதலாம் படுக்கை, ஆறு வருஷத்துக்கு முன், சுமை ஏற்றுகிற தொழிலாளி, அகலமான ஆள், மார்பில் பாதி நரை. சிஸ்டர், ஒரு டம்ளர் கடுங்காப்பி மட்டும் கண்ணுல காட்டுங்க, குடிக்கக்கூட வேண்டாம், மோந்து பாத்துக்கிடுதேன் என்பார். அவருக்கும் காலில் கட்டி, அவருக்கும் ஹெப்பரின், அவருக்கும் லைன். இரண்டு நாளில் மூன்று முறை எண் கூடுதலாக வந்தது, மூன்று முறை மருந்தைக் குறைத்தார்கள். இந்த ஆளுக்கு மருந்து ரொம்ப ஏறுது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் காலை கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார், மூச்சு முட்டுது என்றார், அந்த அகலமான மார்பு ஏழெட்டு முறை ஏறி இறங்கியது. நுரையீரலில் அடைத்துவிட்டது. விதி என்றார்கள். பியூலாவும் அப்படித்தான் நினைத்தாள், முழுசாக நான்கு மாதம். பிறகு மதுரையில் ஒரு பயிற்சி வகுப்பு, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் உளுந்த வடை கொடுத்திருந்தார்கள், கையில் பிய்த்த வடையோடு அவள் உட்கார்ந்திருக்கும்போது முன்னால் நின்ற டாக்டர் லைனில் எடுக்கிற ரத்தத்தைப் பற்றிச் சொன்னார், முதலில் வருவதை எவ்வளவு கீழே போட வேண்டும், போடாவிட்டால் எண் எப்படிப் பொய் சொல்லும். அந்த இரண்டு நாளில் மூன்று குழாயில் ஒன்றை எடுத்தது அவள். எவ்வளவு கீழே போட்டாள்? அப்போது அதற்கு அளவே கிடையாது, அவரவர் கைக்கு வந்தது. ஒன்று போட்டிருப்பாள். ஒன்றரை போட்டிருப்பாள். வடை வாயில் மாவாகவே கிடந்தது.

அதைத்தான் பச்சை ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டினாள். ஏன் எழுதினாள் என்று யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. நல்ல சிஸ்டர், அக்கறையான சிஸ்டர் என்றார்கள். சங்கரபாண்டியனின் மனைவி ஒரு முறை சான்றிதழ் வாங்க வந்தவள் இவளைக் கண்டு, நீங்க நல்லாப் பாத்துக்கிட்டீக என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை காய்த்துப்போயிருந்தது. பிடிவிட்ட பிறகும் சொரசொரப்பு இருந்தது. சொல்லியிருந்தால் என்ன? போன உயிர் வரவா போகிறது? அப்போது அப்படிச் சொல்லிக்கொள்ள முடிந்தது. இப்போது உயிர் போகவில்லை, இதோ நான்கடி தூரத்தில் விடுகதை யோசித்துக்கொண்டிருக்கிறது. சரி, ஒருவேளை அந்த எண் உண்மையாகவே இருந்தால்? நேற்றிரவுதான் மருந்தைக் கூட்டினார்கள், கூட்டிய மருந்து நிஜமாகவே எகிறியிருக்கலாம். அப்படி இருக்கும்போது, நான் தப்பாக எடுத்தேன், பம்பை ஓட விடுங்கள் என்று சொல்லி, ஓடவிட்டு, பிள்ளை மண்டைக்குள் ரத்தம் கசிந்தால்? இந்த யோசனை வந்ததும் பியூலாவுக்கு ஒரு கணம் ஆறுதலாக இருந்தது. சொல்லாமல் இருப்பதற்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்டதே என்கிற ஆறுதல். அதைக் கண்டு அவளுக்கே கூச்சமாகிவிட்டது. ஓடவிடச் சொல்ல வேண்டாம், திரும்ப எடுத்துப் பார்க்கச் சொல்லலாமே. எந்தப் பக்கம் பொய் என்று யாருக்கும் தெரியாது, சுத்தமான ரத்தம் ஒன்றுக்குத்தான் தெரியும். சந்தேகமாக இருக்கிறது டாக்டர், இன்னொரு தடவை பார்க்கலாமா என்று மட்டும் கேட்கலாம். ஏன் சந்தேகம் என்பார். குழாயில் அளவு குறைவாக இருந்ததோ என்னவோ என்று சொல்லலாம். லேபைச் சொல்லலாம். லிஃப்டைச் சொல்லலாம், மாடிப்படி இறங்கியதில் தாமதம் என்று. ஆவுடையம்மாள் தலையில் கட்டலாம், அவள் தலை எதையும் தாங்கும். இவ்வளவு வழிகள் இவ்வளவு வேகமாக எங்கிருந்து வருகின்றன? கஞ்சிக்கு நன்றி சொல்லி ஜெபம் பண்ணுகிற வாய்தானே இது?

உலகம்மாள் கூப்பிட்டாள். குழாய் இருந்த தொண்டை, இன்னும் காய்ந்த ஓலை உரசுகிற குரல். பியூலா போர்வையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தாள். இடது காலைப் பார்த்தாள், வலது காலைப் பார்த்தாள். இடது தொடை காலையில் இருந்த வீக்கம்தானா, கூடியிருக்கிறதா, கண் சொல்வதை நம்பக் கூடாது. கால் விரல்கள் சூடாகத்தான் இருந்தன. கட்டை விரல் நகத்தில் மருதாணி பாதி வளர்ந்து போய், பிறைபோல நுனியில் மட்டும் இருந்தது. பண்டிகைக்கு வைத்ததாக இருக்கும், காய்ச்சல் வருமுன். விடையா என்று கேட்டாள் பியூலா. இல்லை என்று தலையசைத்துவிட்டு அந்தப் பிள்ளை ரகசியம் போலச் சொன்னது:

“சிஸ்டர், மத்தியானம் நீங்க கொஞ்சமாத்தான கீழ ஊத்துனீங்க. நான் பாத்தேன். அம்மா இன்னைக்கு அழல.”

சொல்லிவிட்டுச் சிரித்தது, கூட்டாளியைப் பார்த்துச் சிரிப்பது போல. பியூலா அதற்குச் சிரிக்கவில்லை, சிரிக்காமலும் இருக்கவில்லை, முகம் எங்கோ நடுவில் நின்றது. பார்த்திருக்கிறாள். தாய் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மகள் சிரிஞ்சைப் பார்த்திருக்கிறாள். நாள் முழுக்க மல்லாந்து கிடக்கிறவளுக்குப் பார்க்க வேறு என்ன இருக்கிறது. ஒவ்வொரு வேளையும் எவ்வளவு இழுக்கிறார்கள், எவ்வளவு போகிறது என்று எண்ணிக்கொண்டுதான் கிடந்திருக்கிறாள். அவளுக்கு அது சிஸ்டர் தனக்குச் செய்த உதவி. நீயும் நானும் சேர்ந்து அம்மாவை அழாமல் பார்த்துக்கொண்டோம். இதற்கு முன்னால் இன்னொரு உதவியும் செய்திருக்கிறாள் இந்த சிஸ்டர். குழாய் எடுத்த அன்று அந்த ஓலைக் குரலில் முதன்முதலாக வந்த வார்த்தை, இனி ஊசி உண்டா என்பது. இடது கையில் அப்போது ஏழு இடத்தில் கன்றிப்போய் இருந்தது, ஒன்று நாவல் பழ நிறத்தில், இந்த மருந்து ஓடும்போது குத்திய இடமெல்லாம் அப்படித்தான் ஆகும். கிடையாது தாயி, இனி எல்லாம் இந்த லைன்லயே எடுத்துக்கிடலாம், வலிக்காது என்று பியூலா சொன்னாள். ஊசி கிடையாது என்றாள், பிறகு ரத்தத்தையும் ஊற்றாமல் விட்டாள், பிள்ளைக்கு ஒன்று தாய்க்கு ஒன்று என்று இனிப்பு கொடுத்தது போல. கொடுத்ததற்கெல்லாம் விலை அந்தத் தொடைக்குள் இருக்கிறது. பம்பின் ஆரஞ்சு விளக்கைப் பார்த்தாள். இருபத்தாறு நிமிடம். ஓடிக்கொண்டே இருக்கும், நின்றுவிட்டால் இறுகிப்போகும். யாருக்குப் போட்ட விடுகதை இது?

டாக்டர் ஷாகுல் மூலையில் மேஜையில் இருந்தார், இரண்டு வருஷமாக இங்கே மேல்படிப்பு படிக்கிற இளைஞர், சாப்பிட நேரமில்லாமல் தேநீரில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார். அங்கே போவதற்குப் பன்னிரண்டு எட்டு. சுவரில் பிளாஸ்டிக் தாளின் மூலை படபடத்தது. இன்னும் திரும்பிவிடலாம் என்று ஆறாவது எட்டில் தோன்றியது, திரும்பினால் அந்தப் பிள்ளை கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் என்பதும் தோன்றியது.

“டாக்டர், பன்னெண்டு மணி சாம்பிள நான் சரியா எடுக்கல. ஒன்றரைதான் கீழ போட்டேன்.”

பிஸ்கட் நனைந்து ஒடிந்து தேநீருக்குள் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. அவளைப் பார்த்தார், பிறகு அவள் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தார்.

“அது நீங்க எழுதுனதுதான சிஸ்டர்?”

ஆமாம் என்றாள். கத்துவார் என்று நினைத்தாள், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மணியைப் பார்த்தார், ஒன்று நாற்பது, மெதுவாகக் கணக்குப் போட்டார். இப்போது ஓடவும் விட முடியாது, நிறுத்தியே வைக்கவும் முடியாது, எந்த எண்ணை நம்புவது என்றார், அவளிடம் அல்ல, தனக்கே. பிறகு வேலையாகச் சொன்னார். உடனே புதிதாக எடுக்க வேண்டும். லைனில் எடுப்பதானால் முழு ஐந்தும் கீழே போக வேண்டும். இல்லாவிட்டால் மருந்து ஓடாத இடது கையில் குத்தி நேராக எடுக்கலாம், எடுத்த இடத்தை ஐந்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். எதுவானாலும் சரி, பிள்ளை எதற்கு ஒத்துக்கொள்ளுமோ அது. லேபுக்கு அவரே போன் போட்டு இருபது நிமிடத்தில் சொல்லச் சொல்வார். காலையும் ஸ்கேனில் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். நடந்ததை எழுத்தில் எழுதிப் பெரிய டாக்டருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும், அது பிறகு. நான் எழுதித் தருகிறேன் என்றாள் பியூலா. எழுத ஆரம்பித்தால் இன்று பன்னிரண்டு மணியோடு நிற்குமா, ஆறு வருஷம் பின்னால் போகுமா என்று தெரியவில்லை. அதை அப்போது யோசிக்கக் கூடாது என்று யோசித்தாள். திரும்பி நடக்கும்போது மனம் லேசாகும் என்று எங்கோ நம்பியிருந்தாள் போல. ஒன்றும் லேசாகவில்லை. சொல்லிவிட்டதால் அந்த முப்பது நிமிடம் திரும்ப வந்துவிடப் போவதில்லை. தொடைக்குள் இருப்பதற்கு இதெல்லாம் காது கேட்காது.

தட்டில் இரண்டையும் எடுத்து வைத்தாள். லைனுக்கு ஐந்து மில்லி சிரிஞ்சும் இன்னொரு சிரிஞ்சும். கைக்குச் சின்ன ஊசி, கட்டுகிற ரப்பர், பஞ்சு. நீல மூடிக் குழாய் ஒன்று. இந்த முறை வெளியே பெஞ்சில் இருக்கிற தங்கபுஷ்பத்தைக் கூப்பிடலாமா என்று நினைத்தாள். கூப்பிட்டு என்ன சொல்வது, எடுத்த ரத்தம் வீண், மறுபடி எடுக்கிறேன் என்றா? சொல்லத்தான் வேண்டும், இதற்குப் பிறகு சொல்ல வேண்டும், அதற்கும் ஒரு பன்னிரண்டு எட்டு இருக்கிறது. கட்டில் ஓரத்தில் முட்டி பட நின்றாள். இந்தப் பிள்ளையிடம் பொய் சொல்வது சுலபம், ஒரு விடுகதையைப் போட்டுக்கொண்டே லைனைத் திறந்து இழுத்துவிடலாம். அவள் எண்ணிக்கொண்டேதான் இருப்பாள், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, அஞ்சு. பியூலா உள்ளதைச் சொன்னாள். மத்தியானம் நான் எடுத்தது தப்பாப் போச்சு, கொஞ்சமா ஊத்துனதுனால வந்த தப்பு, அதனால உனக்கு மருந்த நிப்பாட்டி வச்சிருக்காங்க, இப்ப திரும்ப எடுக்கணும் என்றாள். உலகம்மாள் பம்பைப் பார்த்தாள். அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது, நான் சொல்லுவேன் என்றாள் பியூலா.

“இதுல எடுத்தா எவ்வளவு கீழ ஊத்துவீங்க?”

“அஞ்சு.”

“கையில குத்துனா?”

“ஊத்த வேண்டாம். ஆனா வலிக்கும். ஊசி கிடையாதுன்னு நான் உங்கிட்ட சொல்லியிருந்தேன்.”

பிள்ளை சிவப்பு வாளியைப் பார்த்தது. பிறகு கதவைப் பார்த்தது, அதற்கு அப்பால் பெஞ்சு இருக்கிறது என்று அதற்குத் தெரியும். இடது கையில் அந்த நாவல் பழக் கன்றல் இப்போது பச்சையும் மஞ்சளுமாக மாறியிருந்தது, அதற்குக் கீழே மணிக்கட்டுப் பக்கம் ஒரு நரம்பு மெலிதாகத் தெரிந்தது. மணி ஒன்று நாற்பத்தெட்டு. விடுகதைக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது, அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

உலகம்மாள் கையில் எடுக்கச் சொன்னாள்.